வாயில்: இடமும் ஆளும்

‘வாயில்’ என்னும் சொல்லை ‘இல்லின் வாய்’ என்று விரிப்பது இலக்கண மரபு. ‘இல்வாய்’ என நிற்க வேண்டியது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று, ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ ஆனாற்போலே. அதுவே மருவி உலக வழக்கில் ‘வாசல்’ என நின்றது. வாய்க்கு இரண்டு தொழில்கள் உண்டு. உட்கொள்ளுதல் ஒன்று, பேசுதல் மற்றொன்று. மனையின் வாயில் முதல் தொழிலைச் செய்கிறது. இரண்டாம் தொழிலைச் செய்யும் வாயிலும் தமிழில் உண்டு. நம் ஸம்ப்ரதாயத்துக்கு அதுவே உயிர்நிலையாதலால், அதனை இங்குச் சிறிது ஆராய்வோம்.

தொல்காப்பியக் கற்பியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசி ஊடல் தீர்ப்பாரை ‘வாயில்கள்’ என்றே வழங்குகிறது. தோழி, பாணன், விறலியர், கூத்தர், அறிவர் முதலாகப் பன்னிருவர் அங்கு எண்ணப்படுகின்றனர். ஆகவே தமிழில் வாயில் என்பது இடத்தைக் குறிக்கும் பெயர் மட்டுமன்று. ஆளைக் குறிக்கும் பெயருமாம். அடைத்த கதவின் முன்னே நின்று, உள்ளிருப்பவர் திருவுள்ளம் இரங்கும்படி வார்த்தை சொல்ல வல்லவர் எவரோ, அவரே வாயில். அந்தப் பட்டியலில் ‘அறிவர்’ இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. திருவாய்மொழியின் நான்கு தூதுப் பதிகங்களில் ஆழ்வார் விடுத்த பறவைகளுக்கு ஆசார்யர்களைப் பொருளாகக் கொண்ட பூர்வர்களின் ஸ்வாபதேசம், இத்தமிழ் வழக்கோடு முற்றும் இசைந்ததே.

வடமொழியில் ‘த்வாரம்’ என்பதற்கும் இரண்டு நிலைகள் உண்டு. திறப்பு என்பது ஒன்று. கடோபநிஷத் இச்சரீரத்தைப் பதினொரு வாயில்களையுடைய புரம் என்கிறது. ஸ்ரீகீதை ஐந்தாம் அத்யாயத்தில் ஒன்பது வாயில்களைச் சொல்லி, எட்டாம் அத்யாயத்தில் அவ்வாயில்கள் யாவற்றையும் அடக்கச் சொல்லுகிறது. பதினாறாம் அத்யாயமோ காமம், க்ரோதம், லோபம் என்னும் மூன்றை நரகத்தின் வாயில்களாகக் காட்டுகிறது. ஆக, புகத்தக்க வாயிலும் உண்டு. அடைக்கத்தக்க வாயிலும் உண்டு. விலகத்தக்க வாயிலும் உண்டு. ‘மூலமாக’ என்பது த்வாரத்தின் இரண்டாம் பொருள். ‘இன்னார் த்வாரா’ என்று நாம் இன்றும் சொல்லுவது இப்பொருளிலேயே.

இவ்விரண்டாம் பொருளைக் கொண்டே ஸ்வாமி தேசிகன் ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபத்தியை ஸத்வாரகம், அத்வாரகம் என்று பிரித்தருளினார். பக்தியோகத்துக்கு அங்கமாய், அதன் வழியாகப் பலன் தருவது ஸத்வாரகம். பக்தியோகத்தை இடையிட்டுக் கொள்ளாமல் நேரே மோக்ஷத்துக்கு ஹேதுவாவது அத்வாரகம். இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். அத்வாரகம் என்றால் ‘வாயில் அற்றது’ என்றாயிற்றே. அப்படியானால் ப்ரபந்நனுக்கு ஆசார்யனும் வேண்டா, பிராட்டியும் வேண்டா என்று சொல்லலாமோ? சொல்லலாகாது. அத்தொடரில் த்வாரம் என்றது பக்தியோகத்தை. புருஷகாரமான வாயிலை அச்சொல் விலக்கவில்லை. பிராட்டிக்கு உபாயத்வம் உண்டோ இல்லையோ என்பதில் இரு ஸம்ப்ரதாயத்தாருக்கும் வாதம் உண்டு. அவள் புருஷகாரபூதை என்பதிலோ இருவர்க்கும் ஐகமத்யமே.

எங்கும் நிறைந்தவனும் ஸர்வஸுலபனுமான எம்பெருமானை அடைய இடையே ஒருவர் எதற்கு என்று இக்காலத்து இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு விடை ஸ்ரீராமாயணத்தில் உள்ளது. விபீஷணாழ்வான் நால்வரோடு வந்து நின்றது கடலின் வடகரையில், ஆகாயத்தில். அங்கே மதிலும் இல்லை, கோபுரமும் இல்லை, கதவும் இல்லை. தடுக்கும் சுவர் ஒன்றும் இல்லாதிருக்க, அவன் பெருமாள் திருமுன்பே நேராக இறங்கவில்லை. தன் வரவை விண்ணப்பம் செய்யும்படி வானர முதலிகளையே வேண்டி நின்றான். வாயில் இல்லாத இடத்தில் அடியார்களையே வாயிலாக்கிக் கொண்டான் என்க. இது பெருமாளின் எளிமையில் குறை கண்டு செய்ததன்று. தன் அபராதத்தின் கனத்தை உணர்ந்து செய்தது.

திருப்பாவையின் வைப்பு முறையும் இதனையே காட்டும். பதினாறாம் பாசுரத்தில் ஆய்ச்சியர் திருமாளிகை காப்பானையும் வாசல் காப்பானையும் இரந்து நிற்கின்றனர். அடுத்த பாசுரத்தில் நந்தகோபரும் யசோதைப் பிராட்டியும் நம்பி மூத்தபிரானும் எழுப்பப்படுகின்றனர். பதினெட்டாம் பாசுரத்தில் நப்பின்னைப் பிராட்டியைக் கதவு திறக்க வேண்டுகின்றனர். வாசல் காப்பாரை ஆசார்ய ஸ்தானத்தில் வைத்து ஸ்வாபதேசம் சொல்லுவது மரபு. எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளியபோது இந்தப் பதினெட்டாம் பாசுரத்தை அநுஸந்தித்துக்கொண்டே பெரிய நம்பி திருமாளிகை வாசலில் நிற்க, அத்துழாய் கதவைத் திறந்தாளென்றும், நப்பின்னைப் பிராட்டியே திறந்தாள் என்று அவர் மோஹித்து விழுந்தாரென்றும் ஐதிஹ்யம்.

திருவரங்கத்திலோ எம்பெருமான் தானே வாயிலை வேண்டி நிற்கக் காண்கிறோம். பங்குனி உத்திரத்தன்று, உறையூர் சென்று மீண்ட நம்பெருமாளுக்குத் தாயார் ஸந்நிதிக் கதவு அடைக்கப்படுகிறது. ப்ரணய கலஹத்தின் வார்த்தைகள் நடந்தபின், நம்மாழ்வார் இடைநின்று சேர்த்து வைப்பதாக உத்ஸவ க்ரமம். தொல்காப்பியர் சொன்ன வாயிலின் தொழிலை ஆழ்வார் அங்கே செய்தருளுகிறார். அந்தச் சேர்த்தியிலேயே எம்பெருமானார் கத்யத்ரயத்தை விண்ணப்பம் செய்தார் என்பர். சரணாகதி கத்யத்தில் முதற்கண் சரணம் பற்றப்படுபவள் பிராட்டியே என்பதை இதனோடு சேர்த்து அநுஸந்திக்க வேண்டும்.

இனி, வாயிலில் நிற்பவரின் கடமையைக் கூறி முடிப்போம். ஸ்ரீபாகவதம் மூன்றாம் ஸ்கந்தத்தில் ஸநகாதிகள் ஸ்ரீவைகுண்டத்தின் ஆறு கட்டுகளைக் கடந்து ஏழாவதில் ஜயவிஜயர்களால் தடுக்கப்பட்டனர். அகத்தே இருந்த எம்பெருமான் பிராட்டியோடு நடந்தே அவ்வாசலுக்கு எழுந்தருளினான். ஜயவிஜயர்களோ அவ்விடத்தை விட்டு விழுந்தனர். அடியாரை உள்ளே சேர்ப்பதற்காக அமைந்தவர் அடியாரைத் தடுப்பாரானால், அவர் நின்ற இடம் நித்யவிபூதியேயாயினும் அங்கு நிலைக்க மாட்டார் என்பது இச்சரித்திரத்தின் தாத்பர்யம்.

இதற்கு நேர் எதிராக நிற்கிறது திருக்கோட்டியூர் வ்ருத்தாந்தம். பதினெட்டு முறை நடந்து பெற்ற அர்த்தத்தை, ஆசை உடையார்க்கெல்லாம் எம்பெருமானார் கோபுரத்தின் மேலேறி வெளியிட்டார் என்பது ப்ரஸித்தம். கோபுரமாவது வாயிலின் மேல்நிலையே. ‘நான் நரகம் புகினும் இவர்கள் உஜ்ஜீவிப்பராக’ என்பது அவர் திருவுள்ளம்.

வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசல் கடக்கத் திரளும் அன்பர்களை நாம் ஆண்டுதோறும் ஸேவிக்கிறோம். அவர்கள் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் அவ்வாசல் நமக்கு உணர்த்துவது கல்லும் மரமுமான நிலைக்கு அப்பாற்பட்டது: ஆசார்ய ஸம்பந்தமே வாயில் என்பது. கோயில் கைங்கர்யத்தையே குலதனமாகப் பெற்று வாசற்படியருகே நிற்கும் அடியேன் போல்வார்க்கு அது மற்றொன்றும் உணர்த்தும். தொலைவிலிருந்து வந்த ஓர் அடியாரை நாம் ஒரு கடுஞ்சொல்லால் நிறுத்தினால், நாம் அங்கே கதவாகிறோம். ஒரு நற்சொல்லால் உள்ளே அனுப்பினால் வாயிலாகிறோம். பூர்வர்கள் நமக்கு வைத்துப்போனது பின்னதையே.