மடித்த இலை எங்கே போகிறது?

மதிய நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் எத்தனையோ வாழை இலைகள் மடிக்கப்படுகின்றன. மிஞ்சிய சோறு, ஒதுக்கிய கறிவேப்பிலை, தொடாமல் விட்ட கூட்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. மக்கிப்போகிற பொருள்தானே, இதனால் என்ன கெடுதல் என்றே பலரும் நினைக்கிறோம். மக்குவது உண்மைதான். எங்கே, எப்படி மக்குகிறது என்பதைப் பொறுத்து அதே இலை உரமாகவும் ஆகலாம், பூமியைச் சூடாக்கும் வாயுவாகவும் ஆகலாம்.

கோலாலம்பூர் வீடுகளின் குப்பை லோரியில் ஏறி, தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் அழுத்தப்பட்டு, நகருக்கு வடக்கே உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்குப் போகிறது. அங்கே ஒரு நாள் குப்பையின்மேல் மறுநாள் குப்பை, அதன்மேல் மண் என்று அடுக்கு ஏறுகிறது. அடியில் போன சோற்றுக்கும் இலைக்கும் காற்று எட்டுவதில்லை. மிச்சமிருக்கும் உயிர்வாயுவையும் பாக்டீரியாக்கள் விரைவிலேயே தீர்த்துவிடுகின்றன.

அதன்பின் வேலையைத் தொடங்குபவை மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். பூமியின் காற்றில் உயிர்வாயு நிறைவதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்த வம்சம் இது. உயிர்வாயு இவற்றுக்கு நஞ்சு. அதனால்தான் சதுப்பு நிலம், தண்ணீர் நிற்கும் நெல்வயல், மாட்டின் இரைப்பை என்று காற்றில்லாத இடங்களில் ஒதுங்கி வாழ்கின்றன. நாம் மூடிக் குவிக்கும் ஒவ்வொரு குப்பை மலையும் இவற்றுக்குப் புதிய குடியிருப்பு.

இவை வெளிவிடும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. புக்கிட் தாகாரில் இந்த வாயுவைக் குழாய்களில் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான்; ஆனாலும் எந்தக் குப்பை நிலத்திலும் முழுவதும் பிடிபடுவதில்லை. நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. மீத்தேன் காற்றில் தங்குவது ஏறத்தாழ 12 ஆண்டுகளே. அதைக் குறைத்தால் பலனை நம் பிள்ளைகள் மட்டுமல்ல, நாமே காணலாம்.

மலேசிய வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய 45% உணவுக் கழிவு என்று 2012இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. அது தனியாகக் கிடந்தால் நல்ல மூலப்பொருள். நெகிழி, தாள், பேட்டரியோடு கலந்துவிட்டால் எல்லாமே வீண். உப்பையும் சர்க்கரையையும் கலக்க ஒரு கரண்டி போதும். பிரிக்க ஆய்வுக்கூடமே வேண்டும். கலப்பது எளிது, பிரிப்பது கடினம் என்பது இயற்கையின் அடிப்படை விதி. ஆகவே, கலக்கும் முன்பே பிரிப்பதுதான் மலிவு. அதற்கேற்ற இடம் நம் சமையலறை.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ், 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, மேலும் ஆறு மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. சிலாங்கூர் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. ஆகவே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள்ள கடமை சிலாங்கூரின் கிள்ளான் வீட்டுக்குச் சட்டப்படி இல்லை. குப்பையின் வேதியியலோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். சட்டம் உள்ள இடத்திலும் தாள், நெகிழி, உலோகம் ஆகியவைதான் தனியே போகின்றன. மிஞ்சிய சோறு மீதிக் குப்பையோடுதான் சேர்கிறது. தென்கொரியா 2005இலேயே உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்கத் தடை விதித்தது. 2013 முதல் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணமும் வாங்குகிறது. இன்று அங்கே உணவுக் கழிவில் 95 விழுக்காட்டுக்கு மேல் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது.

அரசாங்கம் அந்த அளவுக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. காய்கறித் தோலோடு காய்ந்த சருகையோ கிழித்த நாளிதழையோ கலந்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்று புகும். காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள் பெருகும்; பெரிய குவியலாக இருந்தால் உள்ளே வெப்பம் 55 டிகிரியையும் தாண்டும். சில மாதங்களில் மண்வாசம் வீசும் உரம் கிடைக்கும். வாழை இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால் விரைவில் மக்கும். எண்ணெயும் எலும்பும் வேண்டாம். நாற்றமும் எலியும் வரும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மூடி போட்ட பொக்காஷி வாளி பொருந்தும். நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவி இரண்டு வாரம் மூடிவைத்தால் கழிவு புளித்துவிடும். பிறகு பூந்தொட்டி மண்ணில் புதைக்கலாம்.

தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர்களும் கழிவுப்பொருள்களும் பாடமாகவே உள்ளன. அந்தப் பாடத்துக்குப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் ஒரு உரக்குழி வேண்டும். தன் கையால் கிளறி, உள்ளிருக்கும் சூட்டை வெப்பமானியில் படித்த பிள்ளை அதைத் தேர்வு முடிந்ததும் மறக்காது. வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் தாத்தாவிடமும் சொல்லும்.

ஆசிரியர்களே, இந்த ஆண்டே ஒரு குழி தோண்டுங்கள். கடைக்காரர்களே, இலைக்கென்று தனித் தொட்டி வையுங்கள். வாசகர்களே, சாப்பிடும் அளவுக்கே பரிமாறச் சொல்லுங்கள். மீறி மிஞ்சுவதை நெகிழியோடு கலக்காதீர்கள்.