குறைந்த செலவிற் புகைவண்டிப் பயணம்

சென்ற பொங்கல் விடுமுறையின்போது நமது விடுதியிற் சில அறைகளில் மட்டும் விளக்கெரிந்துகொண்டிருந்தது. ஊருக்குச் செல்லாது தங்கிவிட்டவர்களைக் காரணம் வினவினோம். பலர் படிப்பைக் காரணங் காட்டினர். ஒருவர் மட்டும், "போகவர ஆகும் பணம் எங்கள் வீட்டிற்கு ஒரு வாரத்து அரிசி" என்று உண்மையைக் கூறினார். பாதிக் கட்டணத்தில் ஊர் செல்லும் உரிமை தமக்குண்டென்பதை அவர் அறியார். உடனிருந்த நாமும் அன்று அறியோம். பணமின்மையினும் அறியாமையே அவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தது என்பதைப் பின்னர் உணர்ந்தபோது நம் மனம் வருந்திற்று. ஆதலின், விதிகளைப் படித்தும் வினவியும் நாம் அறிந்துகொண்டவற்றை உடன்மாணவர்க்கு ஈண்டு எடுத்துரைக்க முற்பட்டோம். புகை மறைந்து மின்சாரம் வந்த பின்னும் நம்மவர் நாவில் அது புகைவண்டியே; ஆதலின் அப்பெயரையே நாமும் வழங்குவோம்.

கட்டணம் என்பது ஒரே தொகையன்று; பல உறுப்புக்கள் சேர்ந்த ஒரு கூட்டுத்தொகை. முதலாவது, தூரத்தையும் வகுப்பையும் பொறுத்த அடிப்படைக் கட்டணம். இரண்டாவது, முன்பதிவுக் கட்டணம்; அது படுக்கை வகுப்பிற்கு 20 ரூபாய், இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 15 ரூபாய். மூன்றாவது, அதிவிரைவு வண்டிகட்குரிய மேற்கட்டணம். அது படுக்கை வகுப்பிற்கு 30 ரூபாய், இரண்டாம் வகுப்பிற்கு 15 ரூபாய். குளிர்சாதன வகுப்புக்களில் இவற்றின்மேல் வரியும் உண்டு. இவ்வுறுப்புக்களுள் எது தவிர்க்கத்தக்கது, எது தவிர்க்கவியலாதது என்று பகுத்தறிவதே சிக்கனப் பயணத்தின் முதற்பாடம்.

அடிப்படைக் கட்டணத்தை முதலில் நோக்குவோம். நம் நாட்டு இருப்புப்பாதையில், தூரம் மிக மிகக் கிலோமீட்டர் ஒன்றிற்கான வீதம் குறைந்துகொண்டே செல்லும். தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றினொன்று சிறுத்துச் செல்வதுபோல வீதமும் சிறுத்துச் செல்வதால் இதற்கு டெலிஸ்கோப் முறை என்று பெயர். சீட்டு விற்பதற்கும் நிலையத்தை நடத்துவதற்கும் ஆகும் செலவு, பயணி 50 கிலோமீட்டர் சென்றாலும் 500 கிலோமீட்டர் சென்றாலும் பெரிதும் வேறுபடுவதன்று. நெடுந்தூரத்திற் பங்கிடப்படும்போது அது குறைகின்றது. எனவே புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே சீட்டாக வாங்குவதே மலிவு. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் செல்வார் ஒருவர் மதுரை வரை ஒன்றும், மதுரையிலிருந்து மற்றொன்றுமாகப் படுக்கை வகுப்பில் இரண்டு சீட்டு வாங்கினால், தாழ்ந்த வீதத்தின் பயனை இழப்பார். முன்பதிவுக் கட்டணத்தையும் இருமுறை கொடுப்பார். அன்றியும், எக்ஸ்பிரஸ் வண்டியின் படுக்கை வகுப்பிற் குறைந்த அளவாக 200 கிலோமீட்டருக்குக் கட்டணம் கொள்வர். திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் இடைத்தூரம் அதனிற் குறைந்ததாகலின், செல்லாத தூரத்திற்கும் அவர் பணம் கட்டியவராவார்.

அடுத்தது, வண்டியைத் தேர்ந்தெடுத்தல். வண்டியின் எண்ணே அதன் இயல்பைக் கூறிவிடும். 12, 20, 22 என்று தொடங்கும் எண்ணுடையவை அதிவிரைவு வண்டிகள். அவற்றில் மேற்கட்டணம் உண்டு. 16 என்று தொடங்குபவை எக்ஸ்பிரஸ் வண்டிகள். அவற்றில் அஃது இல்லை. சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டாலே ஒரு வண்டி அதிவிரைவு வண்டியாக எண்ணப்படுமாதலின், சில வழிகளில் நாம் கொடுக்கும் மிகைப்பணத்திற்குக் கிடைக்கும் நேரம் சிறிதே. இன்னும், இரவிற் படுத்துச் செல்வதினும் பகலில் அமர்ந்து செல்வது மலிவு. 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற வைகை எக்ஸ்பிரஸ் போன்ற பகல் வண்டிகளின் இரண்டாம் வகுப்பு இருக்கை, அதே தூரத்துப் படுக்கையினும் கட்டணங் குறைந்தது. உடல்வலி உடையார்க்குப் பகற்பயணம் ஒரு பொருட்டன்று.

காலமறிந்து பதிவு செய்தலும் பணத்தைக் காக்கும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னரே பதிவு தொடங்குகின்றது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. விடுமுறை நாள் தெரிந்தும் வாளாவிருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் தத்கால் முறையை நாடுவோர், படுக்கை வகுப்பில் அடிப்படைக் கட்டணத்தின் 30 விழுக்காட்டை மிகையாகக் கொடுக்கின்றனர். அது 100 ரூபாய்க்குக் குறையாது, 200 ரூபாய்க்கு மிகாது. இடம் உறுதியான தத்கால் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாற் பணமும் மீளாது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளிலோ 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல், இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணமும் ஏறும் முறை வந்துள்ளது. அங்கும் முந்தியவர்க்கே மலிவு.

இனி நமக்குரிய சலுகைக்கு வருவோம். மாணவர் விடுமுறையிற் சொந்த ஊருக்குச் சென்று மீளவும், கல்விச் சுற்றுலாச் செல்லவும், இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 50 விழுக்காடு கட்டணக் குறைப்பு உண்டு. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினராகிய மாணவர்க்கு 75 விழுக்காடு. இக்குறைப்பு அடிப்படைக் கட்டணத்திற்கே உரியது. பிற உறுப்புக்களை முழுமையாகக் கட்டல் வேண்டும். தத்கால் சீட்டிற்கும் இது செல்லாது. கல்லூரித் தலைவர் கையொப்பமிட்ட சலுகைப் படிவத்தை நிலையத்துப் பதிவு அறையிற் கொடுத்தே சீட்டுப் பெறல் வேண்டும். கைப்பேசி வழியே வாங்குவார்க்கு இது கிட்டாது. இக்காலத்தில் நிலையத்து வரிசையில் நிற்பார் அருகிவிட்டமையால், இவ்வுரிமையும் மறக்கப்பட்டுவிட்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பல சலுகைகள் நிறுத்தப்பட்டன. நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் துய்த்துவந்த மூத்தோர் சலுகையும் அவற்றுளொன்று. அப்போதும் மாணவர் சலுகை நிறுத்தப்படவில்லை. இருப்பதைப் பயன்கொள்ளாமல் விடுவது நம் குறையேயாம்.

கல்விச் சுற்றுலாவிற்கு ஏற்ற மற்றொரு வழி சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட நிலையத்திற்கே மீளும் வட்டப் பயணத்திற்கு இது வழங்கப்படும். வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். சென்னையிற் புறப்பட்டுத் தில்லியும் மும்பையும் கண்டு மீளும் ஒரு சுற்றின் தூரம் 4,800 கிலோமீட்டர் எனக் கொள்வோம். தனித்தனிச் சீட்டுக்களாகக் கணக்கிடாது, 2,400 கிலோமீட்டர்ப் பயணம் இரண்டாகவே கட்டணங் கொள்வர். தூரம் மிக வீதம் குறையும் என்று மேலே கூறிய விதியே இங்கும் பயன்படுகின்றது.

இவ்விதி எல்லா நாட்டிற்கும் ஒக்குமோவெனின், ஒவ்வாது. மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்லும் நம் பழைய மாணவர் இதன் தலைகீழ் நிலையைக் காண்பர். அங்கு ஒவ்வோர் ஊரிணைக்கும் கட்டணம் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது; நெரிசல் நேரம் எது என்பதும் இடத்திற்கிடம் வேறுபடும். ஆதலின் முழுச் சீட்டினும், வழியில் ஓரூரிற் பிரித்து வாங்கிய இரு சீட்டுக்கள் சிலபோது மலிவாகும். இலண்டனிலிருந்து பிரிஸ்டல் செல்வோர் இடையிலுள்ள திட்காட்டில் சீட்டைப் பிரித்துக்கொள்வது பலரறிந்த உதாரணம். வண்டியினின்று இறங்க வேண்டுவதில்லை; ஆனால், பிரிக்கும் நிலையத்தில் அவ்வண்டி நிற்பதாதல் வேண்டும் என்பது விதி. இங்கு ஒன்றாக வாங்கியவன் சேமிக்கின்றான்; அங்குப் பிரித்து வாங்கியவன் சேமிக்கின்றான். இரண்டிடத்தும் சேமிப்பவன் விதியைக் கற்றவனே.

சீட்டின்றிச் செல்வதைச் சாமர்த்தியமென்று கருதுவாரும் நம்முள் ஒருசிலர் உளர். பிடிபட்டாற் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் மிகையாகக் கட்டல் வேண்டும். அதனினும் பெரிது மானத்திற்கு நேரும் கேடு. நேரிய வழியே மலிவாக இருக்கும்போது குறுக்குவழி எதற்கு?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. அளந்து செலவிடுதல் கஞ்சத்தனமன்று. வீட்டார் உழைப்பை மதித்தலாகும். அடுத்த விடுமுறைக்கு முன் ஒவ்வொரு மாணவரும் கல்லூரி அலுவலகத்திற் சலுகைப் படிவத்தைக் கேட்டுப் பெறுவாராக. பெற்றவர், அறியாத மற்றொருவர்க்கும் சொல்லுவாராக. முன் சொன்ன நண்பர் கோடை விடுமுறைக்குப் பாதிக் கட்டணத்தில் ஊர் சென்று வந்தார். மீண்டபோது தாயார் கொடுத்த முறுக்கை அறைதோறும் பகிர்ந்தளித்தார். வரும் பொங்கலுக்கு நம் விடுதியில், கட்டணத்தின் பொருட்டு ஒரு விளக்கும் எரியாதிருத்தல் வேண்டும் என்பதே நமது விருப்பம்.