வாயுவின் அழுத்தமும் மூலக்கூறுகளின் ஓட்டமும்

வானிலை ஆய்வு நிலையங்களிலிருந்து ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்கள் நாள்தோறும் பறக்கவிடப்படுகின்றன. மேலே செல்லச் செல்லப் பலூன் பருத்துக்கொண்டே போய், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடுகிறது. உள்ளிருக்கும் வாயு சிறிதும் கூடவில்லை. பின், பலூன் பருப்பதன் காரணம் யாது?

வாயு என்பது ஓயாது ஓடித் திரியும் மூலக்கூறுகளின் கூட்டமாகும். அவை கலத்தின் சுவரில் இடைவிடாது மோதுவதையே அழுத்தம் என்கிறோம். டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட இக்கருத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மானும் கணித முறையில் விரித்துரைத்தனர். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். முள் தராசின் மீது கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் உயரத்திலிருந்து கடுகைச் சீராகக் கொட்டுக. கடுகு தெறித்துக் கீழே விழுந்துவிடும். ஆயினும் கொட்டும் வரையில் முள் சற்று விலகியே நிற்கும். எண்ணற்ற சிறு மோதல்கள் சேர்ந்து ஒரே சீரான விசையாகின்றன.

30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வெளியிலிருந்து தாக்கும் மூலக்கூறுகள் குறையவே, உள்ளிருப்பவை பலூனின் சுவரைப் புறத்தே தள்ளுகின்றன. அதுவே பருத்தலின் காரணம்.

வெப்பம் ஏறினால் மூலக்கூறுகளின் வேகமும் ஏறும். ஹைட்ரஜன் உருளை வெயிலில் கிடந்து, அதன் வெப்பநிலை 27 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 57 டிகிரிக்கு உயர்வதாகக் கொள்வோம். கெல்வின் அளவில் இது 300-இலிருந்து 330 ஆகும். உருளை விரியாதாகையால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு கூடும். 150 வளிமண்டல அழுத்தம் 165 ஆகிவிடும். உருளைகளை நிழலில் வைக்கவேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுவே.

ஒரே வெப்பநிலையில் எல்லா வாயுக்களின் மூலக்கூறுகளுக்கும் சராசரி இயக்க ஆற்றல் சமம். ஆகவே எடை குறைந்தவை விரைந்தோடும். 27 டிகிரியில் ஆக்சிஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 480 மீட்டர் வேகத்திலும், ஹைட்ரஜன் மூலக்கூறு அதனினும் நான்கு மடங்கு வேகத்திலும் ஓடுகின்றன. மிக நுண்ணிய துளை வழியாகவும் ஹைட்ரஜன் எளிதில் வெளியேறுவது இதனாலேயாம். அவ்வாறு கசிந்தது இலேசாகையால் கூரையடியில் சென்று சேரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே, பொறி பட்டவுடன் தீப்பற்றும். எனவே பலூன் நிரப்பும் கொட்டகையின் மேற்புறத்தில் காற்றுப்போக்கி எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகளின் ஓட்டத்தை அறிந்த ஊழியர் அதனை ஒருபோதும் அடைக்கமாட்டார்.