உஷார்! காப்பகத்துக்குப் பூட்டு வருகிறது

சின்னக் குழந்தைகளுக்குக் காப்பகமோ பால்வாடியோ நடத்தும் தொண்டு நிறுவனத்தில் நீங்கள் இருக்கிறீர்களா? அப்படி ஒன்றுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்களா? அடுத்த நிதியாண்டுத் திட்டத்தை வரி விடாமல் படியுங்கள். 'நேரடிச் சேவையிலிருந்து கொள்கை மாற்றப் பணிக்கு நகர்கிறோம்' என்று எங்காவது ஒரு வரி இருக்கும். நாற்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காசில் சட்டத்தையே மாற்றினால் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நல்லது நடக்குமே என்று விளக்கமும் சொல்வார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. கூட்டத்தில் அந்த வரிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் கட்டட சைட்டில் எங்கள் காப்பகம் இருந்தது. தகரக் கொட்டகை, மூங்கிலில் ஆறு தூளிகள், உத்தரத்தில் தொங்கும் எடைத் தராசு. மாதத்தின் முதல் வாரத்தில் ஆயாம்மா ஒவ்வொரு குழந்தையாகத் தராசில் உட்காரவைத்து நோட்டில் எழுதுவார். இரண்டு மாதமாக எடை ஏறாத குழந்தை என்றால், அன்று சாயங்காலமே தாயைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார். என்ன ஊட்டினாய், எத்தனை தடவை ஊட்டினாய், பேதி போச்சா என்று ஒன்று விடாமல் கேட்பார்.

பூட்டுவதற்கு முந்தின நாள், ஒடிசாவிலிருந்து வந்த சித்தாள் ஒருத்தி ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, நாளைக்கு எங்க விடறது?" பக்கத்துத் தெருவில் அங்கன்வாடி இருக்கிறது என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் பகலில் வந்து உட்காருவது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகச் சத்துமாவு தருவார்கள். சத்துமாவு நல்லதுதான், ஆனால் அதைக் கரைத்து ஊட்டத் தாய் கீழே இருக்க வேண்டுமே? அவள் நாலாவது மாடியில் கலவைச் சட்டி சுமந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் போனபோது குழந்தை அதன் அக்காவின் இடுப்பில் இருந்தது. அக்காவுக்கு ஏழு வயது. பக்கத்து அரசுப் பள்ளியில் நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்த பெண். அவள் பள்ளிக்கூடம் போவது அத்தோடு நின்றுபோனது. நாங்கள் பூட்டியது ஒரு கதவு, உள்ளே வர முடியாமல் போனது இரண்டு குழந்தைகள்.

கொள்கைக்காகக் குரல் கொடுப்பது வீண் வேலை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பரில், குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடிகள் நாட்டில் இருக்க வேண்டும் என்று இலக்கம் போட்டே உத்தரவிட்டது. குரல் எழுப்பாமல் இதெல்லாம் வந்திருக்காது.

அந்த 2006 உத்தரவில் இன்னொரு வரி உண்டு. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறந்து கொடுக்க வேண்டும். அந்த நாற்பதை எண்ணப்போவது யார்? கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-இல் வந்த சட்டமும் இப்படித்தான். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் சைட்டில் காப்பகம் கட்டாயம் என்று அது சொன்னது. நான் பார்த்த சைட்டுகளில் பெண்கள் நாலைந்து சப்-கான்ட்ராக்டர்களின் கணக்கில் சிதறிக் கிடந்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் ஐம்பது வரவே வராது. மொத்தக் கணக்கு ஒருவரிடம்தான் இருந்தது, தினமும் காலையில் பிள்ளைகளை வாங்கி இறக்கிவைத்த ஆயாம்மாவிடம். அவரைத்தான் நாங்கள் முதலில் வேலையை விட்டு நிறுத்தினோம்.

அதன் பலன் ஒரு வருடத்தில் தெரிந்தது. அதிகாரிகளோடு ஒரு கூட்டம். நல்ல தாளில் அச்சடித்த அறிக்கையோடு போயிருந்தோம். பொறுமையாகக் கேட்ட ஓர் அதிகாரி, "எந்தெந்த சைட்டில், மூன்று வயதுக்குக் கீழே இப்போது எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்றார். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்ட கேள்வி இல்லை அது, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்களிடம் இருந்தது காப்பகம் பூட்டிய மாதத்துக் கணக்கு. அந்தக் குடும்பங்கள் அதற்குள் எந்த ஊர் சைட்டுக்குப் போயினவோ!

தில்லியில் மீரா மகாதேவன் 1969-இல் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பை நினைத்துக்கொள்கிறேன். காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்த இடத்தில், புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து ஆரம்பித்தது அது. இருபது வருடம் கழித்து, 1989-இல் குழந்தைக் காப்புச் சேவைக்காகக் குரல் கொடுக்கும் கூட்டமைப்பு உருவானபோது அவர்களும் அதில் முன்னே நின்றார்கள். அப்போதும் சைட்டுகளில் காப்பகம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மனு. குழந்தையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் மனுவைப் பிடித்தவர்கள் நாங்கள்தான்.

'மூடவில்லை, உள்ளூர்ச் சின்ன நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம், நிதியை நாங்கள் தருவோம்' என்று சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். பணம் வெளிநாட்டு நன்கொடையா என்று முதலில் கேளுங்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒப்படைப்பது என்ற பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

'அரசு எடுத்து நடத்தும்' என்பார்கள். மத்திய அரசின் காப்பகத் திட்டத்துக்கு 2017-இல் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். அதுவரை செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தந்தது. அதை 60 ஆக்கி, 30-ஐ மாநிலத்திடமும் 10-ஐ நடத்துபவர்களிடமும் விட்டார்கள். பங்குப் பணம் வராமல் நாடெங்கும் காப்பகங்கள் மூடப்பட்டன. எடுத்துக்கொள்வதாகச் சொல்பவர் எந்தத் தேதியில், எத்தனை ஆயாக்களோடு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை நடத்துவார் என்று காகிதத்தில் இல்லையென்றால் நம்பாதீர்கள்.

இது பட்ஜெட் பேசும் சமயம். உங்கள் நிறுவனத்திலும் கூட்டம் வைத்திருப்பார்கள். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளை யார் கையில் வாங்குவார்கள் என்று எழுந்து கேளுங்கள். ஆயாக்கள் எங்கே போவார்கள், எடை எழுதிய நோட்டை இனி யார் எழுதுவார்கள் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் எதிரே அது போகப்போகும் இடத்தை எழுதிக் கையில் தரும்வரை கை தூக்காதீர்கள்.