கம்பெனியின் புகைக் கணக்கில் நம் கடையும் உண்டு!

"வாரம் மூன்று நடை வண்டி அனுப்புகிறோம், இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாமா? காலி கிரேட்டுகளைத் திருப்பித் தருவீர்களா?" கம்பெனிப் பிரதிநிதி இப்படிக் கேட்டால் நாம் வியப்படைய வேண்டாம். காரணம் இருக்கிறது.

தொழிற்சாலை வெளியிடும் கரியமில வாயுவை மூன்று வகையாகக் கணக்கிடுவது உலக வழக்கம். சொந்தக் கொதிகலன், சொந்த வண்டி ஆகியவற்றின் புகை முதல் வகை. வாங்கும் மின்சாரத்துக்கானது இரண்டாவது. மூலப்பொருள் முதல் வாடகை லாரி வரை மற்றவை யாவும் மூன்றாவது. இதற்கு 2011-ல் வெளியான விதிமுறை 15 தலைப்புகளை வகுத்துள்ளது. நமது நாட்டில் பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும் என்பது 'செபி'யின் உத்தரவு. மூன்றாம் வகைக் கணக்கு அதில் கட்டாயமல்ல. ஆயினும் அதைக் குறைக்கக் கம்பெனி மட்டும் முயன்றால் போதாது. லாரிக்காரரும் மொத்த வியாபாரியும் கடைக்காரரும் கூட்டுச் சேர வேண்டும்.

இத்தகைய கூட்டுக்குப் பழைய உதாரணம் ஆஸ்திரேலியாவில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற மரப் பலகைத் தட்டுகளை அரசு பொதுவில் வைத்துப் பலருக்கும் பயன்படச் செய்தது. 1958-ல் 'பிராம்பிள்ஸ்' நிறுவனம் அதை வாங்கி 'செப்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. கம்பெனி தட்டுகளை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுக்கிறது. சரக்கு இறங்கியதும் காலித் தட்டு தொழிற்சாலைக்குத் திரும்புவதில்லை. அருகிலுள்ள கிடங்குக்குப் போய், அடுத்த கம்பெனிக்கு உதவுகிறது. வெறும் ஓட்டம் மிச்சம்.

நம் அளவில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நடைக்கு 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 6 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். வாரம் ஒரு நடை குறைந்தால் ஆண்டுக்கு 312 லிட்டர் மிச்சம். சுமார் 840 கிலோ வாயுவும் குறையும்.

நல்லதுதான். ஆனால் டீசல் மிச்சம் கம்பெனிக்கு. கூடுதல் சரக்கை வாங்கி அடுக்கி வைப்பவர் நாம். நமது முதல் முடங்கும், இடம் அடைபடும், காலாவதியாகும் சரக்கும் கூடும். ஆகவே சம்மதிக்கும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் பெறுவோம்:

1. நடை குறைந்தால் கடன் தவணை நாட்கள் கூட வேண்டும்.
2. முழு லோடு எடுப்பதற்குத் தனிக் கழிவு வேண்டும்.
3. காலாவதிச் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும்.
4. கிரேட்டுக்கான முன்பணம் எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாக வேண்டும்.

ஒரே வீதியிலுள்ள கடைகள் ஒரே நாளில் ஆர்டர் கொடுத்தாலே வண்டி நிறையும். அப்படிச் சேர்ந்து கேட்டால் மேற்படி நிபந்தனைகளும் எளிதில் கிடைக்கும். புகை குறையட்டும், அதன் ஆதாயத்தில் நமக்குரிய பங்கும் வந்து சேரட்டும்!