வேலைக்கென்று பிறந்த வண்டிகள்

நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கும்போது பற்றைகளுக்குள்ளிருந்து பலவும் வெளிப்படுகின்றன. கிணற்றுக் கப்பி, ஆட்டுக்கல், கலப்பைக் கொழு என்பவற்றோடு சில இடங்களிலே பழைய வாகனமொன்றின் அடிச்சட்டமும் அகப்படுகின்றது. கரம்பொன் முதல் வேலணை வரையுள்ள எமது கிராமங்களில் இது புதினமான காட்சியன்று. கண்டவர்கள் “பழைய இரும்பு” என்று சொல்லி, கிலோவுக்கு என்ன விலை என்று விசாரிக்கின்றார்கள். அந்தப் பெயர் அதற்குப் பொருந்துமா என்பதையே இங்கு நாம் சிந்திக்க விரும்புகின்றோம். ஏனெனில் இடம்பெயர்ந்த பல குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் சொத்துக்களில் இத்தகைய வண்டியும் ஒன்றாக இருக்கலாம்.

தட்டிவானும் பிக்கப்பும்

யாழ்ப்பாணத்து மூத்த கமக்காரருக்குத் தட்டிவானைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இடப்பெயர்வுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டும். முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய லொறியொன்றின் என்ஜினும் அடிச்சட்டமும் அதற்கு அடிப்படை. அதன்மேல் எமது தச்சர்கள் மரத்தாலே கூடு கட்டினார்கள். பக்கங்கள் திறந்திருக்கும்; உள்ளே இருக்க வாங்குகள் இருக்கும். பின்பக்கத்தில் ஒரு பலகைத் தட்டி, சங்கிலியில் தொங்கும். அதை விரித்துவிட்டால் வண்டியின் தளம் மேலும் சில அடி நீளும். அந்தத் தட்டியிலே வாழைக்குலையும் வெங்காய மூட்டையும் கடகமும் ஏறும். உள்ளே அவற்றை விற்கப் போகும் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். பொருளும் ஆளும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தமையே இதன் சிறப்பு. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்கள் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கின. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்ட பின்னரும் தட்டிவானுக்கு இடம் இருந்தது. பஸ்ஸிலே ஆள் போகலாம்; பத்து மூட்டை வெங்காயம் போகாது.

தட்டிவானுக்குத் தம்பி என்று பிக்கப்பைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947 முதல் இங்கிலாந்தின் ஒஸ்ரின் கம்பனி ஏ 40 என்ற காரை வெளியிட்டது. அதே 1200 சீசீ என்ஜினோடு பிக்கப்பும் வானும் செய்தது. அவை சுமக்கக் கணக்கிட்ட பாரம் 10 அந்தர். எமது சந்தைகளில் வெங்காயம் அந்தர்க் கணக்கில் விலைபேசப்பட்டது. ஓர் அந்தர் 112 இறாத்தல், ஏறக்குறைய 51 கிலோ. ஆகவே ஒரு பிக்கப் ஒரு தடவையில் அரைத் தொன் ஏற்றியது. 1948 இல் வந்த மொறிஸ் மைனர் காருக்கும் 1953 இலிருந்து ஒரு பிக்கப் உருவம் இருந்தது. அது சிறியது, முதலில் 5 அந்தருக்கே கணக்கிடப்பட்டது. சிறிய தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் அதுவே போதுமானதாயிற்று.

ஏன் இவ்வளவு காலம் நிலைத்தன?

இதற்கு வண்டியின் அமைப்பு ஒரு காரணம். மொறிஸ் மைனர் காருக்கு உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்திருந்தன. ஆனால் அதன் பிக்கப்புக்குத் தனியான அடிச்சட்டம் கொடுத்தார்கள். காரணம் எளிது: பாரம் ஏறுகிற இடத்தில் பாரத்தைத் தாங்கவென்றே ஓர் உறுப்பு வேண்டும். சட்டம் தனியாக இருந்தால் மேலுள்ள தகரமோ பலகையோ உக்கிப் போனாலும் அதைக் கழற்றி வேறொன்று பூட்டலாம். பின்பக்கத்தில் அடுக்குப் பட்டை ஸ்பிறிங்; ஒரு பட்டை முறிந்தால் அதை மாத்திரம் மாற்றினாற் போதும். என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே கை போக இடம் இருந்தது. பெற்றோல் எங்கே வருகிறது, காற்று எங்கே சேர்கிறது, பொறி எங்கே விழுகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்டி விளங்கவைக்கலாம்.

இரண்டாவது காரணம் நாட்டின் பொருளாதார வரலாறு. 1960களில் தொடங்கி 1977 வரை வாகன இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1970 – 1977 காலத்தில் வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவது தடைப்பட்டது. அதனால் குடாநாட்டுத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டார்கள். கையிலே காசு இருந்தது; வாங்குவதற்குப் புதிய வண்டி இல்லை. இருந்ததைத் திருத்தி ஓடவேண்டிய நிலை. எனவே அதே காலம் எமக்குத் தேர்ந்த மெக்கானிக்குகளையும் கடைச்சற்காரரையும் ஒட்டுவேலைக்காரரையும் உருவாக்கித் தந்தது. தேய்ந்த உறுப்பை அளவெடுத்து, அதேபோல வேறொன்றைக் கடைந்து பூட்டுகின்ற திறமை எங்கள் பட்டறைகளில் வளர்ந்தது.

மண்ணெண்ணெயில் ஓடிய ஆண்டுகள்

அந்தத் திறமைக்குப் பெரிய சோதனை 1990 இல் வந்தது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, உரம், சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலிலே சேர்ந்தன. புதிய வண்டிகள் எரிபொருளின்றி நின்றபோது பழைய ஏ 40களும் மொறிஸ்களும் வீதியில் ஓடின. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இது மாயமன்று, விளங்கக்கூடிய காரியமே. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடு கண்டால்தான் நன்கு ஆவியாகும். ஆகவே ஒரு சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு என்ஜினை உயிர்ப்பிப்பார்கள். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இங்கிலாந்திலும் இம்முறை இருந்தது. 1949 முதல் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அங்கே பொறியியலாளர் வரைந்து செய்ததை இங்கே எமது மெக்கானிக்குகள் தேவையின் நெருக்கடியில் செய்து முடித்தார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழிறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கும். ஒயில் நீர்த்தால் தேய்மானம் கூடும். என்ஜினுக்குள் தட்டும் ஓசை எழும், கரிபடியும், புகை கண்ணை எரிக்கும். அழுத்தம் குறைந்த, தடித்த பழைய என்ஜின்கள் இவற்றை ஓரளவு பொறுத்துக்கொண்டன. புதிய நுட்பமான என்ஜின்களால் அது இயலாது.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்நாட்களில் நோயாளரையும் முதியோரையும் நெல் மூட்டையையும் ஏற்றியவற்றுள் இந்த வண்டிகளும் இருந்தன. கியூபாவிலே 1960களில் அமெரிக்கத் தடை வந்தபின் பழைய அமெரிக்கக் கார்களை மக்கள் இன்றுவரை திருத்தி ஓட்டுவதை உலகம் படம் பிடித்துப் போற்றுகின்றது. எமது மக்கள் செய்ததும் அதற்குக் குறைந்த சாதனையன்று.

திருத்துவது என்றால் என்ன?

பழைய வண்டியைப் புதுப்பிப்பதில் இருவகை உண்டு. ஒன்று காட்சிக்குப் புதுப்பித்தல். நிக்கலும் வர்ணமும் பளபளக்கும். ஊர்வலத்துக்கும் கலியாணத்துக்கும் வெளியே வரும். அதில் தவறில்லை. மற்றது வேலைக்குப் புதுப்பித்தல். வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் திரும்பவும் செய்ய வைப்பது. பிந்தியதையே நாம் கூடுதலாக மதிக்கின்றோம். பாரம் ஏற்றுகிற தளத்தில் கீறல் இருக்கும். அந்தக் கீறலே அதன் உழைப்புக்குச் சாட்சி.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையமொன்றை நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர் 1982 இல் ஒரு நூல் எழுதினார். நன்றாகச் செய்யப்பட்ட காரை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதைக் காட்டிலும், ஒழுங்காகத் திருத்தி நீண்டகாலம் வைத்திருப்பதே சிக்கனம் என்பது அவர் வாதம். 1990களில் அவருடைய கூட்டு முயற்சியாக மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. செய்தவர்களுக்கே திரும்பவும் செய்துகொடுக்கும் கைத்திறன் எம் நாட்டில் இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

வளவில் கிடக்கும் வண்டியைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் அடிச்சட்டத்தைப் பார்க்கவேண்டும். தீவிலே உப்புக்காற்று வெளித்தகரத்தை முந்தித் தின்னும். அது கண்ணுக்குத் தெரியும். சட்டத்தின் உட்புறத்தைத் தின்பது தெரியாது. சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நம்பலாம், மந்தமாகக் கேட்டால் அவ்விடம் உக்கியிருக்கலாம். சட்டம் நல்லதென்றால் அடுத்ததாக பிரேக்கும் ஸ்ரியறிங்கும். இவ்விரண்டிலும் மிச்சம் பிடிக்கலாகாது. மூன்றாவதாகவே என்ஜின். வர்ணம் கடைசி. பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்து, வர்ணம் பூசிய வண்டியை வளவிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றார்கள்.

விற்பதா, வைத்திருப்பதா?

இடம்பெயர்ந்து வன்னியிலே பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பத் தலைவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: “சுவாமி, வளவுக்குள்ள கிடக்கிற பிக்கப்பைக் கேட்டு ஆக்கள் வருகினம். அப்பு ஓடின வண்டி. வித்துப்போட்டு ஒரு லாண்ட்மாஸ்ரர் எடுத்தால் என்ன?”

இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. உழவும் வேண்டும், இறைப்பும் வேண்டும், வண்டில் இழுக்கவும் வேண்டும் என்றால் லாண்ட்மாஸ்ரர் பிக்கப்பைவிட உதவும். பழைய பெற்றோல் வண்டிக்கு எரிபொருட் செலவும் கூட. மண்ணெண்ணெயை நம்பியும் இருக்கமுடியாது. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியதை மீன்பிடிப்பவரும் கமக்காரரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே அப்பு ஓடிய வண்டி என்ற பாசத்தால் மட்டும் கடன்பட்டு அதைத் திருத்தும்படி நாம் எவருக்கும் சொல்லமாட்டோம்.

ஆனால் விற்பதானால் அதன் பெறுமதியை அறிந்து விற்கவேண்டும். ஏ 9 வீதி 2002 இல் திறந்தபின், பழைய வண்டிகளைத் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரும்பு விலைக்குக் கொடுத்தவர்கள் பலர். கொண்டுபோனவர்களுக்கு அது இரும்பாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டிலுள்ள எல்லாப் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. ஆகவே முதலில் வந்தவர் சொன்ன விலைக்கு உடனே தலையாட்ட வேண்டாம். குறைந்தது இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டுங்கள். என்ஜின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் துடைத்து எழுதி வையுங்கள். பதிவுப் புத்தகம் இடப்பெயர்விலே தொலைந்திருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசித் தீர்மானியுங்கள். கடதாசி ஒழுங்கான வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு.

வைத்திருப்பதானால் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோக நான்கு ஐந்து குடும்பங்கள் தனித்தனியே கூலி வாகனம் பிடிக்கின்றன. அவர்கள் சேர்ந்து ஒரு வண்டியைத் திருத்தி, முறைவைத்து ஓட்டி, திருத்தச் செலவுக்கென்று ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறுதொகையை ஒதுக்கினால் கூலி மிஞ்சும். தட்டிவானின் பாடம் அதுதானே: அயலவரின் பொருளும் அயலவரும் ஒரே வண்டியில் போனார்கள்.

இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மெக்கானிக்குகள் பலர் இன்று முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு கொப்பியோடு போய் அவர் பக்கத்தில் இருங்கள். வெப்பம் எப்படிப் பிடித்தார், எந்த உறுப்புக்குப் பதில் எதைக் கடைந்து பூட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். கைபேசி இருந்தால் அவர் கை செய்வதைப் படம் பிடியுங்கள். வண்டியை விற்கும் குடும்பமும், அது போகுமுன் அது யாருடையது, என்ன ஏற்றியது, எந்த இடப்பெயர்வில் யாரைக் காப்பாற்றியது என்பதை ஒரு தாளிலே எழுதி, ஒரு பிரதியை வாங்குபவரிடமும் மறுபிரதியைப் பிள்ளைகளிடமும் கொடுப்பது நன்று.