பட்டை கூடினால் பிரேக் கூடுமா?

2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்த பிறகு, சொந்தச் சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பது லாரி முதலாளிகளால் மட்டுமே முடிகிற காரியமாக இருக்கவில்லை. இன்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் கோயம்பேட்டிலும் நிற்கிற ஏஸ்கள், பொலேரோ பிக்கப்களில் பல கைமாறி வந்தவை. ஓட்டுகிறவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வண்டிக்குப் பத்து, பன்னிரண்டு. கடன் போட்டு வண்டியை எடுத்தபின் கையில் மிஞ்சுகிற பணத்தை எதில் போடுவது?

பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடுகிறார்கள். புது பெயிண்ட், கேபினுக்கு மேல் லைட் வரிசை, பாட்டுப் பெட்டி, அகல டயர். அதோடு, பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை. பழைய பிக்கப்பில் முதல் பணம் அடியில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரேக், டயர், ஸ்டியரிங், ரேடியேட்டர் ஆகிய நான்கும் சரியான பிறகே மற்றவை.

கூடுதல் பட்டையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். பழைய வண்டியின் பட்டைகள் தளர்ந்து, சுமை ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துவிடும். பட்டறையில் இன்னொரு பட்டையைச் சேர்த்து யு-போல்ட் முடுக்கித் தருவார்கள். அதே சுமைக்கு வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கும். இன்னும் நாலு மூட்டை ஏற்றலாம் என்று தோன்றும். நிமிர்ந்தது பாடி மட்டும்தான். அச்சு, பேரிங், டயர், பிரேக் டிரம், சேஸி எல்லாம் கம்பெனி கணக்குப் போட்ட அதே எடைக்கானவையாகவே இருக்கின்றன. தாழ்ந்து காட்டி எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே பாகத்தின் வாயை நாம் அடைத்துவிட்டோம்.

இதைவிட ஆழமான ஆபத்து ஒன்று உண்டு, அது பல ஓட்டுநர்களுக்குத் தெரியாது. பின் அச்சுக்கு மேலே குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் சேஸியில் ஒரு சிறிய வால்வும், அதிலிருந்து அச்சுக்குப் போகிற ஒரு கம்பியும் இருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது அந்தக் கம்பி வால்வை அசைத்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போக வழிவிடும். வண்டி காலியாக உயர்ந்து நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும். குறைக்காவிட்டால் காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பட்டையைக் கூட்டி வண்டியை நிமிர்த்தினால், முழுச் சுமை இருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு நினைக்கும். பின் பிரேக்கின் பலம் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அது குறைவாகத்தான் கிடைக்கும். காலியாக ஓடும்போதும் நன்மை இல்லை. விறைத்த பட்டையால் பின்சக்கரம் பள்ளத்தில் துள்ளும், மழையில் பிடிமானம் விடும். தளர்ந்த பட்டைக்குச் சரியான மருந்து, அதே வண்டிக்கு உரிய பட்டை செட்டையும் ஷேக்கிள் புஷ்களையும் மாற்றுவது. எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

சரி, எவ்வளவுதான் ஏற்றலாம்? பதில் உங்கள் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. வெறும் வண்டியின் எடை, சுமையோடு மொத்த எடை என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். பேச்சுக்கு, 1,700 கிலோ, 2,900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 1,200. அதில் நீங்களும் லோடுமேனும் 130 கிலோ என்றால் சரக்குக்கு 1,070. பதினைந்து கிலோ தக்காளிப் பெட்டி என்றால் 71 பெட்டி, அவ்வளவுதான். தார்ப்பாயும் கயிறும் ஜாக்கியும்கூட இந்தக் கணக்கில் வருபவை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு வார வாடகை ஒரு சோதனையில் போய்விடும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடுகிற வண்டியை நிறுத்துவது என்றால் அதன் வேகத்தை வெப்பமாக மாற்றுவது. வேகம் 40-லிருந்து 60 ஆனால் அந்த வெப்பம் இரண்டே கால் மடங்காகும். பின்சக்கரத்தில் இருப்பது டிரம். அது சூடேறினால் விரிந்து, ஷூவை விட்டு விலகும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். ஷூவின் பிடிப்பும் குறையும். பிரேக் ஆயிலில் இன்னொரு சிக்கல்: அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஈரம் கலந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சு போல அமுங்கும். எனவே ஆயில் தெளிவாகத் தெரிந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது வீல் சிலிண்டர் ரப்பர்களில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கச் சுவரில் ஈரம் வழிந்திருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. கெட்டியான பிசுக்கு என்றால் அச்சின் ஆயில் சீல் போயிருக்கிறது. ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் தேய்த்துத் துடைத்துப் போடுவது வேலைக்காகாது, மாற்றத்தான் வேண்டும்.

தொப்பூர் கணவாயிலோ எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைப் பாதையிலோ இறங்குகிறவர்களுக்கு ஒரு விதி. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது, தவிர மிச்சமும் ஆகாது. காமன் ரெயில் என்ஜின், கியரில் இறங்கும்போது டீசலை முழுவதுமாக நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் ஊற்றும். என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் என்ஜினோடு சேர்ந்து சுற்றுவது, பல பழைய டீசல் வண்டிகளில் டைனமோவின் பின்னாலேயே ஒட்டியிருக்கும். என்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்கம் இருக்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் போய்விடும்.

டயரில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. செகண்ட்ஸில் வாங்கிய டயர் புதிதுபோலத் தெரிந்தாலும், பல ஆண்டு வெயிலில் கிடந்த ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். ரீட்ரெட் டயரை முன்சக்கரத்தில் போடாதீர்கள். முன்னால் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. அழகுக்காகப் பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது உரசும்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும், என்ஜினின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கூலன்ட் அதைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். சூடாகிறது என்று சொன்னால் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பிறகு என்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். நோய் ரேடியேட்டர் அடைப்பிலோ, ஃபேனிலோ, வாட்டர் பம்பிலோ இருக்கும். டீசல் என்ஜின் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்புதான், பயப்பட வேண்டாம். பால் கலந்த டீ நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு வண்டியை ஓட்டவே கூடாது.

துருவைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்றும் சரக்கே முக்கியம். நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றினால் ஐஸ் உருகிய உப்பு நீர் சேஸியில் வழிந்துகொண்டே இருக்கும். உர மூட்டையிலிருந்து சிந்துகிற தூளும் இரும்பை அரிக்கும். லோடு இறக்கிய அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள். தொட்டிக்கும் சேஸிக்கும் இடையிலுள்ள இடுக்கில் முதலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், ஈரம் தங்குவது அங்கேதான். கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் உள்ளே போகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அடைத்துக்கொண்ட நிப்பிளில் வெளியே தடவிவிட்டுப் போவது நடக்கிற விஷயம்.

லைட்டுக்கு வருகிறேன். இரவில் சந்தைக்கு ஓடுகிறவருக்கு நல்ல வெளிச்சம் தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 60 வாட் பல்பு இருந்த இடத்தில் 100 வாட் போட்டால் பழைய ஒயரும் ஹோல்டரும் உருகும். மஞ்சளித்த கண்ணாடியைப் பாலிஷ் செய்து, ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தாலே பழைய பல்பின் வெளிச்சம் நன்றாகக் கூடும். புதிதாக இழுக்கிற ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரி அருகே ஃபியூஸ் கட்டாயம், ஏனென்றால் ஃபியூஸ் இல்லாத ஒயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டியே எரியும். சுமை ஏறியதும் முன்பக்கம் தூக்கி, லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்தும் திருகு டாஷ்போர்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒளிரும் ஸ்டிக்கர்கள், ரிவர்ஸ் கேமரா, கிழியாத சீட், மண் தடுப்பு ரப்பர் ஆகியவை எல்லாம் காசுக்கு ஏற்ற மாற்றங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனியின் அசல் அமைப்போடு முரண்படுமாறு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. முன்னால் வைக்கும் இரும்புக் கம்பி கார்டுகளைத் தடுக்கும்படி மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இத்தகைய மாற்றங்களைத்தான். இன்னொன்று, 18 வயதில் லைசென்ஸ் கிடைத்தாலும் சரக்கு வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுத் தம்பியை நம்பி லோடு அனுப்பும் அண்ணன்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கு முந்தின நாள் மட்டும் வண்டியைப் பட்டறையில் விடுவது பலரின் வழக்கம். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது ஆண்டில் ஒரு நாள், நீங்கள் ஓட்டுவது மற்ற நாளெல்லாம். கூடுதல் பட்டைக்கு எடுத்துவைத்த பணம் கையில் இருந்தால், இந்த வாரமே பின் டிரம் இரண்டையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று உள்ளே பாருங்கள்.